மொத்தம் இருபது

கினிப்பன்றி என்று அதற்குப் பெயர் வைத்தவன் அதைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டான் என்பது நாத்தனாரின் கட்சி. பன்றியும் இல்லை, எலியும் இல்லை, முயலும் இல்லை. வாலை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி மூலையில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும்.

"இதுக்குப் புல்லு அறுத்துப் போட்டு, அள்ளிக் கொட்டி, குளிருதுன்னு சாக்கு போத்தி... என் தம்பிக்கு நீ இதுல பாதி செஞ்சிருந்தா அவன் இன்னும் நாலு சுத்து பெருத்திருப்பான்" என்பாள். அவளுக்குத் தெருமுனையில் இஸ்திரிக் கடை. நாள் முழுக்கக் கரிப்பெட்டியோடு நின்று நின்று, பேச்சிலும் கொஞ்சம் சூடு ஏறிப்போனவள். ஆனால் சந்தையில் காய்ந்த காரட்டை யாராவது ஒதுக்கிப் போட்டால் முதலில் பொறுக்கிக்கொண்டு வந்து தம்பி பெண்டாட்டியிடம் கொடுப்பவளும் அவள்தான்.

தம்பி பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் கீரைம்மா என்று பெயர். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு சாக்கு நிறையக் கீரையும் புல்லுமாக அவள் உள்ளே வருவதைப் பார்த்து வாட்ச்மேன் வைத்த பெயர். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கிற கூடத்தையும் தாண்டி, தகரம் போட்ட நீளக் கொட்டகை. அதில் இரண்டு தட்டுகளாகக் கம்பிக் கூண்டுகள். ஈர வைக்கோலை வாரிப் போட வேண்டும், தட்டைச் சுரண்ட வேண்டும், தண்ணீர்க் கிண்ணங்களைச் சோடா போட்டுக் கழுவ வேண்டும், கீரையில் ஒரு புழு இல்லாமல் பார்க்க வேண்டும். மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அவளுக்கு அது பழகி ஒன்பது வருஷம் ஆயிற்று.

கதவைத் திறந்து சாக்கை அவிழ்த்தால் போதும், அந்தச் சரசரப்புக்கே எல்லாம் சேர்ந்து விசில் அடிக்கும். "ஊய்ங்... ஊய்ங்..." என்று கூரைத் தகரம் அதிரும். "இருங்க, கையக் கழுவிட்டு வரேன்" என்பாள் அவள். மரியாதையாக, பன்மையில்.

இதை ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த அவள் புருஷன் பார்த்துவிட்டான். அவன் குழாய் பதிக்கிறவன். தெருவெல்லாம் ஆளுயரப் பள்ளம் வெட்டி, இரும்புக் குழாயை இறக்கி, மூட்டுக்கு மூட்டு ஈயம் காய்ச்சி ஊற்றுகிற வேலை. அன்றிலிருந்து அவனுக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது. சாயங்காலம் அவள் வீட்டுக் கதவைத் தள்ளி, பையை மேடையில் வைக்கும் சத்தம் கேட்டதும், உள்ளறையிலிருந்து "ஊய்ங்... ஊய்ங்..." என்று பசிக்கிற பன்றி மாதிரியே விசில் அடிப்பான். அவளும் விடமாட்டாள். "இருங்க, கையக் கழுவிட்டு வரேன்" என்பாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை இல்லை. அந்த விசிலும் அந்தப் பதிலும் அந்த வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

ஆராய்ச்சி டாக்டரம்மா அந்த வருஷம் செய்துகொண்டிருந்தது தசை அழுகலுக்கான மருந்து. மண்ணில் இருக்கிற ஒரு கிருமி, நசுங்கிய காயத்துக்குள் புகுந்துவிட்டால், இரண்டே நாளில் உயிருள்ள சதையைக் கூழாக்கிவிடும். அதற்கு சல்ஃபா என்று ஒரு வெள்ளைப் பொடி வந்திருந்தது. பிற்பாடு வந்த பெரிய மருந்துகளெல்லாம் அப்போது வரவில்லை. டாக்டரம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்று: அழுகிய சதையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பொடியைப் போட வேண்டுமா, இல்லை பொடி மட்டுமே போதுமா? போதும் என்றால் எத்தனையோ பேருக்குக் காலும் கையும் மிஞ்சும்.

மேல்வரிசையில் மூன்று கூண்டு, கூண்டுக்கு ஆறு. அவற்றுக்கு மருந்து மட்டும். கீழ்வரிசையில் மூன்று கூண்டு, அங்கேயும் ஆறாறு. அவற்றுக்கு வெட்டி எடுத்து மருந்து. எல்லாவற்றுக்கும் தொடையில் கிருமி ஏற்றி, பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாதென்று மேல்வரிசைக்கும் தோலை மட்டும் கீறித் தைத்திருந்தாள். காதில் துளை போட்டு அடையாளம் வைப்பது வழக்கம்தான். ஆனால் அது இன்னொரு புண், கிருமி அதிலும் ஏறும் என்று இந்த முறை வேண்டாமென்றுவிட்டாள்.

"கூண்டுதான் அதுங்களுக்கு விலாசம், கீரைம்மா. கூண்டு மாறக் கூடாது. பத்தாம் நாள் காலையில பத்து மணிக்கு நான் வந்து எண்ணுவேன். அதுவரைக்கும் நான் உள்ளயே வரமாட்டேன். தினம் பாத்தா ஆசை வந்துடும். ஆசை வந்தா கண்ணு நாம நினைச்சதத்தான் பாக்கும்."

"செத்ததுங்கள?"

"மூடி போட்ட டிரம்ல போட்டுடு. எந்தக் கூண்டுன்னு எனக்குச் சொல்லாத. மிச்சத்த எண்ணினாப் போதும்."

நல்ல பெண்மணி. வேலையில் நேர்மையானவள். தன் கண்ணைக்கூட நம்பாதவள். கீரைம்மாவை மட்டும் நம்பினாள்.

இரண்டாம் நாளிலிருந்து மேல்வரிசையில் சாவு விழ ஆரம்பித்தது. தொடை வீங்கி, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்றுக் குமிழி நொறுங்கும். ஒரு நாற்றம் வரும். அழுகல் நாற்றமில்லை, அதற்கு முந்தைய ஒரு தித்திப்பு நாற்றம். அவள் மூக்கு அதைக் கற்றுக்கொண்டது. ஐந்தாம் நாள் மேல்வரிசை முதல் கூண்டில் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஒரு காது கறுத்த வெள்ளைப் பெண். இரண்டாம் கூண்டிலும் ஒன்றுதான். மூன்றாவதில் இரண்டு. கீழ்வரிசையில் ஐந்து, ஆறு, ஐந்து என்று ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தன.

ஒற்றையாகிப்போன கினிப்பன்றியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது தின்னாது. மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விடாமல் மெல்லிய விசில் அடிக்கும். பசி விசில் வேறு, இது வேறு. அது நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கீரைம்மா ஒருநாள் பொறுத்தாள். அடுத்த நாள் சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும்முன், கீழ்க்கூண்டிலிருந்து இரண்டைத் தூக்கி மேலே ஒற்றையோடு விட்டாள். விசில் நின்றது. மூன்றும் ஒட்டி உட்கார்ந்தன. அப்புறம் மற்ற கூண்டுகளுக்கும் அப்படியே பங்கிட்டாள். மேலே மூன்று, நான்கு, மூன்று. கீழே மூன்று, மூன்று, நான்கு. நெரிசலும் இல்லை, தனிமையும் இல்லை. காலையில் வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அதனதன் கூண்டில் திருப்பி விட்டாள். அவளுக்கு ஒவ்வொன்றின் மூஞ்சியும் தெரியும். மாற்றி விட வாய்ப்பே இல்லை.

'தூங்கத்தானே சேத்து வெக்கிறேன்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாலு ராத்திரி அப்படியே போயிற்று.

பத்தாம் நாள் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது. மழையென்றால் சாதாரண மழையில்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. பஸ் அக்கரையில், அவள் இக்கரையில். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுற்றுவழியாக நடந்து, தொப்பலாக நனைந்து கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

டாக்டரம்மா கையில் நோட்டோடு நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து கீரைம்மா பார்த்ததில்லை.

"மேலயும் பத்து, கீழயும் பத்து, கீரைம்மா! வெட்டினாலும் ஒண்ணுதான், வெட்டாட்டியும் ஒண்ணுதான். பொடியே போதும்!"

கீரைம்மா கூண்டுகளைப் பார்த்தாள், ராத்திரி விட்ட இடத்திலேயே எல்லாம் இருந்தன. சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே, "அம்மா, நான் மாத்தி வெச்சிருந்தேன், இன்னும் திருப்பி விடல" என்று பத்து வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் கூண்டு மாற்றக் கூடாது என்பது விதி. விதியை மீறினால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அவள் மனசார நினைத்தது வேறு. மொத்தம் இருபது உயிரோடு இருக்கிறது. நேற்றும் இருபது, இன்றும் இருபது. அதில் எது எந்த அறையில் படுத்தால் என்ன? ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. டாக்டரம்மா தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தாள். ஈரப் புடவையோடு அதை வாங்கிக் குடித்தாள்.

அதற்கு நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, புருஷன் இறங்கியிருந்த பள்ளத்தின் விளிம்பு சரிந்தது. மேலே அடுக்கியிருந்த குழாய் ஒன்று உருண்டு வந்து அவன் இடது கெண்டைக்காலைப் பள்ளத்துச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. மண், சேறு, கால்சட்டைக் கிழிசல் எல்லாம் சதைக்குள். வேலையிடத்துக் கம்பவுண்டர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, இறுக்கித் தைத்து அனுப்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் கட்டிலில் கிடந்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். பார்க்க வந்த அக்காவிடம், "பத்து நாள் லீவு. உன் கடைல வந்து நிக்கிறேன், ஒரு பெட்டி குடு" என்றான்.

"நீ இஸ்திரி போட்ட லட்சணம் தெரியாதா. உன் சட்டைய ஒருநாளாவது போட்டுத் தரேன்னா, 'பள்ளத்துல இறங்குறவனுக்கு எதுக்குக்கா மடிப்பு'ம்ப. கசங்கின மூட்டையாட்டம் திரிய வேண்டியது" என்றாள் நாத்தனார்.

புதன்கிழமை காலை கீரைம்மா அவன் கட்டைப் பிரிக்கக் குனிந்தாள். அந்தத் தித்திப்பு நாற்றம் முகத்தில் அடித்தது. கை தானாகக் காலை அழுத்தியது. தோலுக்கடியில் நறநறத்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இதுக்குப் போயா..."

"கிளம்புங்கன்னா கிளம்புங்க!" என்று கத்தினாள். பதினாலு வருஷத்தில் அவனிடம் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை.

ஒரு காய்கறி வண்டிக்காரரைக் கெஞ்சி, கோஸ் மூட்டைகளுக்கு நடுவே அவனைப் படுக்க வைத்துக் கொண்டு வந்து சேர்த்தார்கள். ஒன்பது மணிக்கு அறுவை டாக்டர் பார்த்தார். கத்தி டாக்டர் என்று சொன்னால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். வயசானவர், சுருக்கென்று பேசுகிறவர். தையலைப் பிரித்து உள்ளே பார்த்தார். செங்கல் நிறத்தில் செத்துப்போன சதை. கத்தி பட்டும் துடிக்கவில்லை, ரத்தம் வரவில்லை.

"வெட்டணும். இன்னைக்கே, இப்பவே. முட்டிக்கு மேல போக வேண்டி வந்தாலும் வரும்."

"காலையா?" என்றான் புருஷன். ஜோக்கெல்லாம் போய்விட்டது. "ஐயா, காலில்லாம நான் எப்படிங்கையா பள்ளத்துல இறங்குவேன்? வேற ஒண்ணும் தெரியாதுங்களே எனக்கு."

சல்ஃபா டாக்டரம்மாவிடம்தான் இருந்தது. அதனால் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்தவள் கட்டிலருகே கீரைம்மா நிற்பதைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவள் தோளில் கை வைத்தாள். கை வைத்தபடியேதான் கத்தி டாக்டரிடம் பேசினாள்.

"சார், நான் எண்ணிப் பாத்தது வேற சொல்லுது. மருந்து மட்டும் போட்டதுல பதினெட்டுக்குப் பத்து. வெட்டி மருந்து போட்டதுலயும் பதினெட்டுக்குப் பத்து. வெட்டுறதால ஒண்ணும் கூடல. இவருக்கு இன்னும் ரெண்டு நாள்கூட ஆகல. பொடிய நிறையப் போட்டு, மாத்திரையும் குடுத்து, பொறுத்துப் பாக்கலாமே."

"செத்த சதை உள்ள இருக்கிற வரைக்கும் எந்த மருந்தும் போய்ச் சேராதும்மா. இது என் முப்பது வருஷம் சொல்லுது."

"முப்பது வருஷமா இந்த மருந்து இல்லையே, சார்."

கத்தி டாக்டர் மோவாயைத் தடவினார். நோயாளியின் முகத்தைப் பார்த்தார். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீரைம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மேல்வரிசை பத்து, கீழ்வரிசை பத்து. எது எந்த அறையில் படுத்தால் என்ன என்று நினைத்தாளே, அந்த அறையில்தான் எல்லாமே இருந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் புருஷன் அவள் கையைப் பிடித்தான். காய்ச்சல் கை கொதித்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு திரும்பியிருந்தது.

"பாத்தியாடி? உன் பன்னிங்க என் காலக் காப்பாத்திடுச்சுங்க. இனிமே அதுங்கள ஒரு வார்த்த சொன்னேன்னா ஏன்னு கேளு." பிறகு, காய்ந்த உதட்டைக் குவித்து விசில் அடிக்கப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

அந்தச் சிரிப்பைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை. யாருக்கு வரும்? ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ, ஒருவேளை அந்த நாலில் இவரும் ஒருவரோ என்று நினைத்தாள். பதினெட்டில் நாலு பிழைத்ததே, பிழைக்காமலா போயிற்று? அவள் வாயைக் கட்டியது வேலை போகிற பயம் இல்லை. அது ஒரு மூலையில் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வாயைக் கட்டியது ஆசை.

பன்னிரண்டு மணிக்குக் கொட்டகைக்குப் போனாள். யார் செத்தாலும் பிழைத்தாலும் அதுகளுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டுமே. மேல்தட்டில், பழைய சோதனையில் தப்பிய ஒற்றைக் காது கறுப்பு இன்னும் இருந்தது. அவளைப் பார்த்ததும் கம்பிக்கு வந்தது. அதன் கூண்டில் அதோடு இருந்த ஐந்தையும் தன் கையால் டிரம்மில் போட்டது ஞாபகம் வந்தது. விரல் விட்டு எண்ணினாள். இது ஒன்று. இரண்டாம் கூண்டில் செம்பட்டை. மூன்றாவதில் சுழிக்காரனும் அவன் பக்கத்திலேயே படுப்பவனும். நாலுதான். எப்படி எண்ணினாலும் நாலுக்கு மேல் விரல் நகரவில்லை.

திரும்பி வந்தபோது அவன் கண் செருகிக் கிடந்தான். வீக்கம் முட்டியைத் தாண்டியிருந்தது. நாத்தனார் தூக்கில் கஞ்சி கொண்டுவந்து, வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு வாய்கூட உள்ள போகல. நீயாவது குடி. காலைலேர்ந்து பச்சத் தண்ணி பட்டிருக்காது உன் வாயில."

"அண்ணி."

"சொல்லு."

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அண்ணி."

சொன்னாள். ஒற்றைப் பன்றியின் விசிலிலிருந்து ஆரம்பித்து, மழை, பாலம், டீ வரைக்கும் சொன்னாள். நாத்தனார் கஞ்சித் தூக்கின் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நெசமா மருந்து மட்டும் போட்டதுல எத்தன பொழச்சுது?"

"நாலு."

"எத்தனைல?"

"பதினெட்டுல."

"வெட்டினதுல?"

"பதினாறு."

மூடி கீழே விழுந்து வராந்தா நெடுக உருண்டது. யாரும் எடுக்கப் போகவில்லை.

"இத வெச்சுக்கிட்டா இந்நேரம் வாயில மண்ணப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்த?"

"காலு போயிடும், அண்ணி. காலு இருக்கும்னு சொன்னதும் அவரு எப்படிச் சிரிச்சாரு தெரியுமா. என் பன்னிங்கதான் காப்பாத்துச்சுன்னாரு. அத எப்படி நான்..."

"காலில்லாத தம்பி எனக்குப் போதும்டி!" நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கடைல ஒரு முக்காலி போட்டு உக்கார வெக்கிறேன். நான் பெட்டி போடுறேன், அவன் மடிக்கட்டும். அவன் வாய் இருந்தாப் போதும், கால் எதுக்கு எனக்கு? போ. ஓடு. ஓடுடி!"

ஓடினாள். டாக்டரம்மாவின் அறையில், மேஜையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சொன்னாள்.

"மேல்வரிசை நாலுதாம்மா. கீழ்வரிசை பதினாறு. தனியா இருந்ததுங்க அழுதுச்சுங்க, அதனால ராத்திரிக்குச் சேத்து வெச்சேன். அன்னைக்கு மழைல வர லேட்டாயிடுச்சு. நீங்க எண்ணினது... அதுங்க வீடு இல்லம்மா அது."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முகம் ரத்தம் சுண்டி வெளுத்துப்போனது. "நாலா?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் அறுவைக் கூடத்துப் பக்கம் ஓடினாள். மணி அப்போது மூன்று இருபது.

கத்தி டாக்டர் அஞ்சு மணிக்குக் காத்திருக்கவில்லை. நாலு மணிக்கெல்லாம் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார். தொடையிலும் நறநறப்பு ஏறியிருந்ததால் இன்னும் மேலே மேலே வெட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் ஒருமுறை அவனுக்கு நினைவு வந்தது. போர்வை இடது பக்கம் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்தான். அழவில்லை.

"போனா போகுது" என்றான் மெதுவாக. "அக்கா கடைல மடிச்சுக் குடுக்கிறேன்." நாத்தனார் கேட்டிருக்க வேண்டும் என்று கீரைம்மாவுக்கு அடித்துக்கொண்டது. அவள் அப்போதுதான் மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட."

"நாளைக்குச் சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் போய்விட்டான். கத்தி டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "காலையிலயே வெட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து, கீரைம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பவும் சொல்ல முடியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது" என்று முடித்தார். இரண்டாவது வாக்கியம் கருணை என்று அவளுக்குத் தெரியும். முதல் வாக்கியம்தான் அவளுக்குள் தங்கியது.

அவனுக்குப் போட்டு அனுப்ப நாத்தனார் ஒரு சட்டையை எடுத்தாள். பள்ளத்துச் சேறு துவைத்தும் போகாத பழுப்புச் சட்டை. தண்ணீர் தெளித்து, கரிப்பெட்டியை வைத்து, காலர், கை, முன்பக்கம் என்று ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. "இப்பவாவது போட்டுக்கடா" என்றாள். பெட்டியின் மேல் அவள் கண்ணீர் விழுந்து சுர்ரென்றது.

நாலாம் நாள், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, நாத்தனார் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"காலைலயே சொல்லியிருக்கலாமேடி?"

நாத்தனார் அதற்கப்புறம் சாகும்வரை அதைக் கேட்கவே இல்லை. அந்த ஒரு தடவை போதுமாயிருந்தது.

பதினாறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. வேலையை விட்டு நிறுத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை. மேஜையில் பழைய நோட்டு விரித்திருந்தது.

"ஒவ்வொண்ணா சொல்லு, கீரைம்மா. எந்தக் கூண்டுல எது மிஞ்சிச்சுன்னு."

"மேல முதல் கூண்டு, ஒத்தக் காது கறுப்பு. ரெண்டாவது, செம்பட்ட. மூணாவதுல நெத்திச் சுழி, அப்புறம் அவன் கூடவே படுக்கிறவன். கீழ முதல் கூண்டுல மூக்கு வெள்ள, ரெண்டு சாம்பலு, கொழுத்தவ, தண்ணிக் கிண்ணத்தக் கவுக்கிறவன்..."

இருபதையும் சொன்னாள். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. டாக்டரம்மா பத்தை அடித்து நாலு என்று எழுதினாள். இன்னொரு பத்தை அடித்துப் பதினாறு என்று எழுதினாள்.

"பத்திரிகைக்கு எழுதிட்டேன், நாங்க முன்னாடி அனுப்பின கணக்கு தப்பு, வெட்டித்தான் ஆகணும்னு. எண்ணினதுல என் பிழைன்னு எழுதியிருக்கேன்."

"உங்க பிழை எங்கம்மா இதுல?"

"நான்தானே எண்ணினேன். பத்து, பத்துன்னு வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. ஒண்ணையாவது தூக்கிப் பாத்தேனா? உன்ன ஒரு வார்த்த கேட்டேனா? ஆசை வந்தா கண்ணு நினைச்சதத்தான் பாக்கும்னு சொன்னவ நான்."

பிறகு டாக்டரம்மா மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு சின்னப் புட்டிகளை எடுத்து வைத்தாள். மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. துணிக்குப் போடுகிற சாயம்.

"திங்கக்கிழமை மறுபடி ஆரம்பிக்கணும். முப்பத்தாறுக்கும் முதுகுல ஒரு பொட்டு வெச்சுடலாம். மேல்வரிசைக்கு மஞ்சள், கீழ்வரிசைக்கு நீலம். அப்புறம் எது எங்க இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும். தனியாப் போனத நீ சேத்து வெக்கலாம், கீரைம்மா. ஒண்ணும் தப்பில்ல."

கீரைம்மா நீலப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு இருந்தது. நாத்தனாரின் கடைக்குப் பக்கத்துக் கடையிலேயே விற்கிறது. இதுதானா, இவ்வளவு சின்னதுதானா யாருக்கும் தோன்றவில்லை? அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு படித்த டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை. புட்டியை மெல்ல மேஜை மேலேயே வைத்தாள்.

சாக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். இரண்டு வாரம் யாரோ ஏனோதானோவென்று கூட்டியிருந்தார்கள், தட்டெல்லாம் கறை. கதவைத் தள்ளி, உள்ளே போய், சாக்கைத் திட்டில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். கீரை சரசரத்தது.

"ஊய்ங்... ஊய்ங்... ஊய்ங்..."

கொட்டகை முழுக்க ஒரே நேரத்தில் விசில். கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒற்றைக் காது கறுப்பு கம்பியில் முன்னங்காலை ஊன்றி நின்று எல்லாவற்றையும்விட உரக்க அடித்தது.

வீட்டுக்குப் போனால் பையை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் இனி உள்ளறையிலிருந்து ஒன்றும் வராது. பதினாறு நாளும் அவள் பையை ஓசைப்படாமல்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஈர வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், வீட்டில் அழாதவள், அந்த நெடியில், வாய்விட்டு அழுதாள்.

அதுகளுக்கு என்ன தெரியும்? பசி. விசில் ஓயவில்லை. வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூண்டுக் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"இருங்க" என்றாள். "கையக் கழுவிட்டு வரேன்."